கடற்கரைக் குப்பை: எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்

கடற்கரைத் தூய்மைப் பணியில் ஈடுபடும் தன்னார்வலர்களைப் பற்றி முந்தைய இதழில் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றைச் சேர்த்து, இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாற்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைக்குச் சென்று முப்பது சாக்குக் குப்பையை அள்ளினோம். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கரை பழையபடியே கிடக்கிறது. இந்த வேலையால் உண்மையிலேயே பயன் உண்டா?
*(கல்லூரி மாணவி, தூத்துக்குடி)*

உங்கள் வருத்தம் எனக்குப் புதிதன்று. சென்னை பெசன்ட் நகர்க் கரையில் பல ஆண்டுகள் குனிந்து நிமிர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் அள்ளிய முப்பது சாக்கும் மறுபடி கடலுக்குள் போகவில்லை என்பதே ஒரு பயன்தான். அதில் இருந்த ஒரு பையை ஓர் ஆமை இழுதுமீன் (ஜெல்லிமீன்) என்று நினைத்து விழுங்காமல் இருந்தால் அதுவும் பயன்தான். ஆனால், அள்ளுவதால் மட்டும் கரை சுத்தமாகிவிடாது என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறும் ஓடையும் கப்பலும் கரைக்கு வருபவர்களும் நாள்தோறும் கொட்டிக்கொண்டிருக்கும்போது, மாதம் ஒரு நாள் அள்ளுபவர்கள் அந்த வேகத்தோடு போட்டியிட முடியாது.

அதனால் உங்களிடம் திருப்பி ஒன்று கேட்கிறேன். அந்த முப்பது சாக்குக்குள் என்ன இருந்தது? ஷாம்பு உறை எத்தனை, தண்ணீர்ப் பாட்டில் எத்தனை, வலைத்துண்டு எத்தனை, செருப்பு எத்தனை? உங்களிடம் பதில் இருந்தால், நீங்கள் அன்று செய்தது ஓர் ஆய்வு. பதில் இல்லையென்றால், அது கூட்டிப் பெருக்கிய வேலை மட்டுமே. வேலை இரண்டிலும் ஒன்றுதான், வியர்வையும் ஒன்றுதான். கூடுதலாக வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகமும், எழுதுவதற்குப் பொறுமையான ஐந்து பேரும்தான்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையன்று நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள், 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் தொடங்கியது. லிண்டா மரனிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் முன்னின்று நடத்திய அந்த முதல் நிகழ்ச்சியில் சுமார் 2,800 பேர் 124 டன் குப்பையை அகற்றினார்கள். அதைவிட முக்கியமாக, கையில் எடுத்த ஒவ்வொரு பொருளையும் ஓர் அட்டையில் குறித்தார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தொடரும் அந்தப் பழக்கத்தால்தான் சில மாற்றங்களை நாம் பார்க்க முடிகிறது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டை, 2019-ஆம் ஆண்டின் கணக்கில் முதன்முறையாகத் தின்பண்ட உறைகள் முந்தின. அந்த ஒரே ஆண்டில் தன்னார்வலர்கள் எண்ணிய உறைகள் சுமார் 47 லட்சம்.

எண்ணிக்கை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஐரோப்பாவின் கதை நல்ல சான்று. அங்கே கடற்கரைகளில் நூறு மீட்டர் நூறு மீட்டராக அளந்து, பல ஆண்டுகள் திரட்டிய பட்டியல்களைக் கூட்டிப் பார்த்தபோது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பத்து வகைப் பிளாஸ்டிக் பொருட்களும் மீன்பிடிக் கருவிகளும் சேர்ந்தே கிடைத்தவற்றில் ஏறக்குறைய 70 விழுக்காடு என்று தெரிந்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம் அந்தப் பட்டியலைப் பார்த்தே எழுதப்பட்டது. 2021 ஜூலை முதல் உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, காது குடையும் பஞ்சுக்குச்சியின் பிளாஸ்டிக் தண்டு முதலியன தடைசெய்யப்பட்டன. 2024 ஜூலை முதல், பான பாட்டில்களின் மூடி திறந்த பிறகும் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. மூடி தனியே கழன்று மணலில் கிடக்கிறது என்று யாரோ ஒருவர் குளிரில் நின்று எண்ணி எழுதியதன் விளைவுதான் இன்று அங்கே பாட்டிலோடு தொங்கும் அந்த மூடி.

மும்பை வெர்சோவா கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கி வைத்த பணியையும் நீங்கள் அறிந்திருக்கலாம். வாரந்தோறும் விடாமல் நடந்த அந்த வேலைக்குப் பிறகு, 2018 மார்ச்சில் அந்தக் கரையில் ஆமைக்குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போயின. விடாமுயற்சிக்குப் பயன் உண்டு என்பதற்கு அது போதும். உங்களுக்கு நான் சொல்வது இது: ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது பேர் போவதைவிட, பத்துப் பேர் ஒரே இடத்துக்கு ஆண்டில் நான்கு முறை போய், ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதி வாருங்கள். மூன்றாம் ஆண்டில் உங்கள் கையில் இருக்கும் தாள்களைத் தூத்துக்குடி மாநகராட்சியிடம் கொண்டுபோய் வைத்தால், அவற்றை ஒதுக்கிவிடுவது எளிதாக இருக்காது.

கேள்வி: எண்ணுவது என்றால் எப்படி? கரை முழுவதையும் எண்ணவா முடியும்?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை)*

முழுவதையும் எண்ண வேண்டியதில்லை, ஐயா. நூறு மீட்டர் போதும். ஆனால், அந்த நூறு மீட்டர் ஒவ்வொரு முறையும் அதே நூறு மீட்டராக இருக்க வேண்டும். ஒரு விளக்குக் கம்பமோ கோயில் சுவரோ நிலையான அடையாளமாக இருக்கட்டும். இரு முனைகளின் இருப்பிடத்தைக் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில், நீர்விளிம்பிலிருந்து மேலே, மணலில் படரும் அடும்பங்கொடி தொடங்கும் இடம்வரை வரிசையாக நடந்து, இரண்டரை சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு பாட்டில் மூடியின் அளவுக்கு, மேற்பட்ட எல்லாவற்றையும் எடுத்து வகைபிரித்து எண்ண வேண்டும். அதைவிடச் சிறியதை எண்ணத் தனிமுறை உண்டு. அதை இதோடு கலக்கக் கூடாது.

எடையை மட்டும் குறித்துவைத்து ‘இத்தனை கிலோ அகற்றினோம்’ என்று பலகை பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதைப் பலரும் செய்கிறார்கள். ஈரமணல் ஏறிய ஒரே ஒரு வலைக்கட்டு, ஆயிரம் ஷாம்பு உறைகளைவிடக் கனமாக இருக்கும். எடையை எழுதலாம், எண்ணிக்கையை எழுதியே ஆக வேண்டும். கூடவே நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, முந்தின வாரத்தில் மழை பெய்ததா, அண்மையில் ஏதேனும் விழா நடந்ததா என்பவற்றையும் குறியுங்கள். உறையில் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். 2022-இல் வந்த திருத்தப்பட்ட விதிகளின்படி, பிளாஸ்டிக் உறையைச் சந்தைக்கு அனுப்புகிற உற்பத்தியாளருக்கு அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு இந்தியாவில் இருக்கிறது.

விழாவைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், நம் கரையில் நாட்காட்டி தெரியாமல் எண்ணினால் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை என்பது அமெரிக்காவில் கோடை விடுமுறை முடிந்து கரை வெறிச்சோடும் பருவம். நமக்கோ அது பெரும்பாலும் விநாயகர் சதுர்த்தியை ஒட்டியும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பும் வருகிறது. அப்போது எண்ணினால் சிலைகளின் துணியும் மாலை நாரும் அலங்காரத் தாள்களும்தான் முதலிடம் பிடிக்கும். கூவமும் அடையாறும் இன்னும் தம் சுமையை இறக்கியிருக்காது. டிசம்பரில் ஒரு பெருமழை ஓய்ந்த மூன்றாம் நாள் அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகே அலை ஏறி நின்ற கோட்டில் முழங்காலிட்டு ஒரு கை மணலை அள்ளிப் பாருங்கள். ஆகாயத்தாமரைச் சருகோடு பின்னிக்கொண்டு மருந்து மாத்திரை அட்டை, பால் பாக்கெட்டின் வெட்டிய முனை, தெர்மாகோல் உருண்டைகள், ஒற்றைக் குழந்தைச் செருப்பு எல்லாம் வரும். கடற்கரைக்கு வந்தவர்கள் யாரும் மாத்திரை அட்டையை அங்கே எறிவதில்லை. அது பல கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டின் குப்பைக்கூடையிலிருந்து கால்வாய் வழியாக வந்தது. காணும் பொங்கலுக்கு மறுநாள் மெரினாவில் எண்ணினால், கிடைப்பது முற்றிலும் வேறு பட்டியலாக இருக்கும். அது கரைக்கு வந்தவர்கள் விட்டுச்சென்றது. மழைக்குப் பின் ஆறு கொண்டுவந்த பட்டியலுக்குத் தீர்வு நகரத்தின் குப்பை வண்டியிலும் கால்வாய்களிலும் இருக்கிறது. காணும் பொங்கல் பட்டியலுக்குத் தீர்வு கடற்கரைக் கடைகளிலும் தொட்டிகளிலும் இருக்கிறது. எண்ணாமல் இருந்தால் இரண்டும் ஒரே குப்பையாகத்தான் தெரியும்.

ஆகவே, குறைந்தது மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒருமுறை என்று நான்கு முறை எண்ணுங்கள். சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் ‘தெண்டி’ என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை ‘வன்னி’ என்றும் சொல்வார்கள். அன்றைக்கு எந்த நீரோட்டம் என்று பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுதிக்கொண்டால், குப்பை எந்தப் பக்கத்து முகத்துவாரத்திலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க அது பெரிதும் உதவும்.

கேள்வி: நான் மீன் விற்பவள். நகரத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் கையுறை போட்டுக்கொண்டு வருபவர்கள், வலைத்துண்டைத் தூக்கிக் காட்டி ‘எல்லாம் மீனவர்கள் போட்டது’ என்று எங்கள் காதுபடவே பேசுகிறார்கள். குப்பைக்குக் காரணம் நாங்கள்தானா?
*(வாசகி, நாகப்பட்டினம்)*

உங்கள் கேள்வியில் உள்ள வேதனை நியாயமானது, சகோதரி. எந்த மீனவரும் விரும்பி வலையைக் கடலில் விடுவதில்லை. கடன் வாங்கிப் போட்ட வலை அது. கடலடிப் பாரில் (பாறைத்திட்டில்) மாட்டி அறுந்துபோகிறது, இரவில் விரித்திருக்கும் வலையின் மேல் விசைப்படகின் இழுவைமடி ஏறி அறுத்துக்கொண்டு போகிறது, புயல் கொண்டுபோகிறது. முன்பு பருத்தி வலை அறுந்தால் மக்கிப்போகும். இன்றைய நைலான் வலையும், ஒற்றை இழைப் பிளாஸ்டிக் நரம்பால் ஆன தங்கூசி வலையும் மக்குவதில்லை. உரியவர் இல்லாமலே கடலில் பல ஆண்டுகள் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த மீன் உங்கள் கூடைக்கு வந்திருக்க வேண்டிய மீன். எனவே அறுந்த வலையால் முதலில் இழப்பது மீனவக் குடும்பம்தான்.

அதே நேரத்தில், பழைய வலையைப் பழுது பார்த்துவிட்டு வெட்டிய துண்டுகளைக் கரையிலேயே விட்டுவிடுவதும், கடலில் சாப்பிட்ட பொட்டலத்தைக் கடலிலேயே போடுவதும் நடக்கிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டாம். அதற்குத் திட்டுவது மருந்தாகாது. திரும்பக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள ஓர் இடம் துறைமுகத்தில் வேண்டும். கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய ‘சுசித்வ சாகரம்’ திட்டத்தில், வலையில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கடலிலேயே திரும்ப எறியாமல் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் பெண்கள் அதைக் கழுவிப் பிரித்தார்கள். அரைத்துத் தூளாக்கியதைச் சாலைக்கான தாரில் கலந்தார்கள். சென்னைக் காசிமேட்டிலும் பழைய வலைகளை விலைகொடுத்து வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. அது நாகை அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கும் வர வேண்டும் என்று உங்கள் பஞ்சாயத்தார் கேட்பது மிக நியாயமான கோரிக்கை.

நகரத்திலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் நிற்பது ஒருவருடைய வீட்டு வாசல், வேலை செய்யும் களம். ஊராரிடம் சொல்லாமல் அங்கே போய்ச் சுத்தம் செய்யத் தொடங்குவது, சொல்லாமல் அடுத்தவர் வீட்டு முற்றத்தைப் பெருக்குவதைப் போன்றது. உலர்த்தப் போட்டிருக்கும் வலையையும் குப்பை என்று நினைத்து அள்ளிய குழுவை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கரையில் ஜவ்வரிசி போல வெண்மையான உருண்டைகள் மணலோடு கலந்து கிடந்தன. இவை என்ன? கையால் எடுக்கலாமா?
*(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)*

அவை பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருள். வாளியும் பையும் ஆவதற்கு முன் பிளாஸ்டிக் இந்தக் குருணை வடிவில்தான் மூட்டைகளில் கப்பலேறுகிறது. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது; அதன் பிறகு இந்தக் குருணை திருவனந்தபுரம் கரைகளிலும் உங்கள் மாவட்டக் கரையிலும் ஒதுங்கியது. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதால், அங்கே கொட்டியது இங்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. இதற்கு முன் 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. இலங்கையின் மேற்குக் கரையில் மணலே தெரியாதபடி அது படிந்து கிடந்தது. அந்த வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு தர ஆணையிட்டது.

வெறும் கையால் எடுக்க வேண்டாம். குருணையின் மேற்பரப்பு கடல்நீரில் உள்ள நச்சுப்பொருட்களை ஈர்த்து வைத்துக்கொள்ளும். கப்பலில் வேறு ரசாயனங்களும் இருந்திருக்கலாம். மூட்டையோ கொள்கலனோ ஒதுங்கியிருந்தால் அருகே போகாமல் காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தகவல் கொடுங்கள். சிதறிய குருணையைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, அலைக்கோட்டின் மேல்மணலை மட்டும் சொரண்டிச் சல்லடையில் சலித்து எடுக்கலாம். ஒரு வாளிக் கடல்நீரில் போட்டால் பெரும்பாலான குருணை மிதக்கும், மணல் அடியில் தங்கும். எடுப்பதற்கு முன் ஒரு சதுர மீட்டரை நூல்கட்டிக் குறித்து, அதில் கிடைத்ததை எண்ணி, நாளும் இடமும் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். இழப்பீடு என்ற பேச்சு வரும்போது, அந்தக் கரையில் அன்று என்ன இருந்தது என்று சொல்ல உங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

கேள்வி: வேற்றுமொழி எழுத்துள்ள பாட்டில்கள் ஒதுங்குகின்றனவே, அவை அந்தந்த நாட்டிலிருந்து மிதந்தா வருகின்றன?
*(பள்ளி மாணவர், இராமேசுவரம்)*

சில மிதந்து வருபவை, சில பக்கத்தில் போகும் கப்பலிலிருந்து விழுந்தவை. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டக் கூடாது என்ற பன்னாட்டு விதி 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருந்தும் மீறல்கள் நின்றபாடில்லை. ஒரு பாட்டில் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகளை உனக்குச் சொல்கிறேன், தம்பி. முதலில் அடியிலோ கழுத்திலோ அச்சிட்ட தயாரிப்பு நாளைப் பார். சென்ற மாதம் வெளிநாட்டில் தயாரித்த பாட்டில் அதற்குள் பெருங்கடலைக் கடந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது கப்பலில் வந்ததாகவே இருக்கும். அடுத்து அதன் மேல் கொட்டலசு, அதாவது படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஓடுடைய சிற்றுயிர், வளர்ந்திருக்கிறதா என்று பார். அது திட்டுத்திட்டாக வளர்ந்திருந்தால் பாட்டில் கடலில் பல வாரங்களாவது கிடந்திருக்கிறது. வழவழவென்று புத்தம்புதிதாக இருந்தால் அண்மையில் விழுந்தது. அந்தமான் நிகோபார்க் கரைகளில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் பாட்டில்கள் ஒதுங்குவதை ஆய்வாளர்கள் இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். நீயும் பாட்டிலின் எழுத்தைப் படமெடுத்து, நாளைக் குறித்து வை.

கேள்வி: ஆட்களைத் திரட்டுவதற்குப் பதில் இயந்திரத்தை விட்டுச் சுத்தம் செய்தால் விரைவாக முடியாதா?
*(வாசகர், புதுச்சேரி)*

விரைவாக முடியும், ஆனால் சனவரி முதல் ஏப்ரல் வரை நம் கிழக்குக் கரை மணலில் பங்குனி ஆமையின் முட்டைகள் புதைந்திருக்கின்றன. பொக்லைன் வாளிக்கு முட்டையும் குப்பையும் ஒன்றுதான். அடும்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் களை என்று பிடுங்கிவிட்டால், மணல்மேட்டைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை. ஒதுங்கிய கடற்பாசியும் குப்பை அன்று. அதை அப்படியே விடுங்கள். மெரினா போன்று ஆண்டு முழுவதும் கூட்டம் மிதிக்கும் அகன்ற மணற்பரப்பில் மட்டும் இயந்திரத்தை ஏற்கலாம்.

கேள்வி: சிறு பிள்ளைகளை அழைத்துப்போகலாமா? அள்ளிய குப்பையை என்ன செய்வது?
*(இல்லத்தரசி, கடலூர்)*

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்துப்போங்கள். எண்ணி எழுதும் வேலையைப் பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகவே செய்வார்கள். தடித்த கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். ஊசி, மருத்துவக் கழிவு, உடைந்த டியூப் லைட், பெயர் தெரியாத டப்பா ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாது. பெரியவர் ஒருவர் தனி டப்பாவில் எடுக்க வேண்டும். வெயில் ஏறுமுன், ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அள்ளியதன் கதி பற்றிப் பலர் நிகழ்ச்சிக்குப் பிறகுதான் யோசிக்கிறார்கள். ஓர் அலுவலகத்திலிருந்து பேருந்தில் வந்த குழுவினர் காலை முழுவதும் பாடுபட்டு, சாக்குகளைச் சாலையோரம் அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் நான் போனபோது நாய்கள் சாக்கைக் கிழித்திருந்தன, காற்று பாதியை மறுபடி கடலோரம் சேர்த்திருந்தது. எனவே நாள் குறிக்கும்போதே நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ பேசி வண்டி வருமா, எத்தனை மணிக்கு வரும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உப்பிலும் மணலிலும் ஊறிய பிளாஸ்டிக்கில் பாட்டில், வலை, கெட்டியான டப்பா போன்ற சிலவற்றைத்தான் பழைய பொருள் கடைக்காரர் எடுப்பார். பல அடுக்கு உறைகளைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் ஏற்பாடு உள்ளாட்சிகளிடம் உண்டு. எக்காரணம் கொண்டும் கரையிலேயே குவித்துக் கொளுத்த வேண்டாம். வண்டி கிளம்பும்வரை இரண்டு பேர் அங்கேயே இருக்கட்டும். வண்டியில் ஏறிய சாக்குகளின் எண்ணிக்கையையும் அதே நோட்டில் கடைசி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.